இளமையும் இலக்கும்

புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டு விற்கும் சாளரத்தண்டை ஓர் இளைஞன் வந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடை தூயதாக இருக்கிறது. கையிலே பெட்டி இருக்கிறது. பையிலே பணமும் இருக்கிறது. “எந்த ஊருக்குச் சீட்டு வேண்டும்?” என்று எழுத்தர் கேட்கிறார். “எந்த ஊராயினும் சரி, எனக்கு முன்னால் நின்றவர் எங்கே போகிறாரோ, அங்கேயே எனக்கும் ஒரு சீட்டுக் கொடுங்கள்” என்கிறான் இளைஞன். இதைக் கேட்டால் நாம் நகைப்போம். ஆயினும், பள்ளியிறுதி வகுப்பை முடித்து வெளியே வரும் மாணவர் பலர் இவ்வாறே சீட்டு வாங்குகின்றனர் என்பதை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியில் இருந்த நான் நன்கு அறிவேன். அண்டை வீட்டுப் பிள்ளை எந்தப் படிப்பில் சேர்ந்தானோ அதில் சேர்வதும், அவன் எந்த நாட்டுக்குப் போனானோ அந்த நாட்டுக்குப் போக விழைவதும் நாம் நாள்தோறும் காணும் காட்சிகளே. வண்டி விரைவாகத்தான் ஓடுகிறது. இறங்கும் இடம் எது என்பதுதான் பயணிக்குத் தெரியவில்லை.

மாணவச் செல்வங்களே, குறிக்கோளுள்ள வாழ்வைப் பற்றி, சிறப்பாகக் கிறிஸ்தவ இளைஞன் ஒருவன் அதனை எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றி, இன்று சில சொல்ல விரும்புகிறேன். பிற சமயத்தைச் சேர்ந்த மாணவர்களும் செவிமடுக்க வேண்டுகிறேன். நான் எடுத்துக்காட்டப்போகும் வாழ்க்கைகள் கிறிஸ்தவர்களுடையவை. அவற்றிலிருந்து பெறும் பாடமோ அனைவருக்கும் பொது.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். “உன் வாழ்க்கையின் நோக்கம் யாது?” என்று கேட்டால், “மருத்துவனாவது”, “பொறியாளனாவது”, “ஆட்சிப் பணியில் சேர்வது” என்று விடை வருகிறது. இவை உத்தியோகங்கள், நோக்கங்கள் அல்ல. உத்தியோகம் என்பது வண்டி. நோக்கம் என்பது போய்ச் சேர வேண்டிய ஊர். ஒரே மருத்துவப் படிப்பைப் படித்த இருவரில் ஒருவர் நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கிறார்; மற்றொருவர் அவன் பையையே பார்க்கிறார். படிப்பு ஒன்றுதான், பட்டமும் ஒன்றுதான், வாழ்க்கைகளோ வேறு. ஆகவே, எவ்வேலையைச் செய்யப்போகிறோம் என்பதோடு, அவ்வேலையை எதன்பொருட்டு, யார் பொருட்டுச் செய்யப்போகிறோம் என்பதையும் இளமையிலேயே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வினாவுக்குக் கிறிஸ்தவ மார்க்கம் தரும் விடை மிகவும் தெளிவானது. வாழ்க்கை நமக்குச் சொந்தமான சொத்து அன்று. நம் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள். இயேசு பெருமான் கூறிய தாலந்துகளின் உவமையை ஞாயிறு பள்ளியில் பயின்ற குழந்தையும் அறியும். தலைவன் தூர தேசம் போகும்போது ஊழியர் மூவரை அழைத்து, அவரவர் திறமைக்கேற்ப ஒருவனுக்கு ஐந்தும், ஒருவனுக்கு இரண்டும், ஒருவனுக்கு ஒன்றுமாகத் தாலந்துகளைக் கொடுத்தான். ஐந்து பெற்றவன் மேலும் ஐந்து ஈட்டினான். இரண்டு பெற்றவன் மேலும் இரண்டு ஈட்டினான். ஒன்று பெற்றவனோ அச்சத்தால் அதை மண்ணில் புதைத்து வைத்தான். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஐந்தைப் பத்தாக்கியவனுக்கும் இரண்டை நான்காக்கியவனுக்கும் தலைவன் அளித்த பாராட்டு ஒன்றே. அதில் ஏற்றத்தாழ்வு இல்லை. மூன்றாம் ஊழியன் கடிந்துகொள்ளப்பட்டது ஒன்றே ஒன்றைப் பெற்றிருந்ததற்காக அன்று. அந்த ஒன்றைப் பயன்படுத்தாமல் புதைத்ததற்காக. மதிப்பெண் குறைந்தது என்று மனம் உடைந்து மூலையில் உட்கார்ந்திருக்கும் மாணவன் ஒருவன் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருப்பானாயின், அவனுக்கு நான் சொல்வது இதுவே: உன் கையில் எத்தனை தாலந்து என்று ஆண்டவர் கேட்கமாட்டார், அதை நீ என்ன செய்தாய் என்றே கேட்பார்.

சரி, நோக்கம் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டோம். எனக்குரிய நோக்கம் இன்னது என்று நான் அறிவது எங்ஙனம்? பக்தியுள்ள இளைஞர் பலரை வாட்டும் வினா இது. வானத்திலிருந்து ஒரு குரல் ஒலிக்கும், அல்லது கனவில் ஒரு காட்சி தோன்றும் என்று எதிர்பார்த்து ஆண்டுகளைக் கழிப்பவரும் உளர். பெரும்பாலும் இறைவனின் அழைப்பு அவ்வாறு வருவதில்லை; கண்ணெதிரே நிற்கும் ஒரு மனிதத் தேவையின் உருவில் வருகிறது.

வேலூர் மருத்துவமனையின் பெயரைக் கேளாதார் நம் நாட்டில் இல்லை. அதனை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் இந்தியாவில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவத் தொண்டர்கள். அமெரிக்காவில் கல்வி பயின்ற ஐடாவுக்கோ அந்த வழியில் செல்ல விருப்பமே இல்லை. தாயார் நோயுற்றார் என்று அறிந்து 1890ஐ ஒட்டித் திண்டிவனத்துக்கு வந்தபோதும், விரைவில் அமெரிக்காவுக்குத் திரும்பிவிடும் எண்ணமே அவர் உள்ளத்தில் இருந்தது. ஓரிரவு மூன்று ஆடவர், ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். மூவரின் இளம் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஆண் மருத்துவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு அம்மூவருடைய வழக்கமும் இடம் தரவில்லை. ஐடாவோ மருத்துவம் கற்றவர் அல்லர். அவரால் என் செய்ய முடியும்? பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயினர் என்ற செய்தி வந்தது. அவ்விரவு அந்த இளம்பெண்ணின் வாழ்க்கைப் போக்கையே மாற்றியது.

இக்கதையை இவ்வளவோடு நிறுத்திவிடுவது பலரின் வழக்கம். அதன் பின்பகுதிதான் மாணவர்க்கு இன்றியமையாதது. மனம் மாறிய ஐடா மறுநாளே கையில் மருந்துப் பெட்டியுடன் புறப்பட்டுவிடவில்லை. அமெரிக்கா சென்று மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1899ஆம் ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900ஆம் ஆண்டு வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1902இல் மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது. அழைப்பு ஓரிரவில் வந்தது. அதற்குரிய ஆயத்தமோ பல ஆண்டுகளை விழுங்கியது. ஆயத்தமில்லாத ஆர்வம் எண்ணெயில்லாத திரியைப் போன்றது. பற்றிய வேகத்திலேயே கருகிவிடும்.

நம் ஆண்டவரின் வாழ்விலும் இதையே காண்கிறோம். பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்திலே போதகர் நடுவில் அமர்ந்து வினாக்கள் கேட்ட அந்தச் சிறுவர், பின்பு நாசரேத்துக்குத் திரும்பிப் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்று நற்செய்தி நூல் கூறுகிறது. வெளியுலகப் பணியைத் தொடங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. இடையே கழிந்தவை பதினெட்டு ஆண்டுகள். மரத்தை அளந்து, அறுத்து, இழைத்து உழைத்த அந்த ஆண்டுகள் வீண் என்று சொல்ல யார் துணிவர்?

நான் பணியாற்றிய பள்ளியொன்றில் மேனிலை வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு திங்கட்கிழமை காலையில் என் அறைக்கு வந்தான். முந்தின நாள் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் அவன் உள்ளம் உருகியிருந்தது. “ஐயா, நான் படிப்பை நிறுத்திவிட்டு ஊழியத்துக்குப் போகப்போகிறேன். ஆண்டவருடைய வேலைக்குக் கணிதமும் இயற்பியலும் எதற்கு?” என்றான். அவனைக் கடிந்துகொள்ளவோ, கேலி செய்யவோ எனக்கு மனம் வரவில்லை. “கணிதத்தில் எத்தனை மதிப்பெண்?” என்று கேட்டேன். தலைகுனிந்தவாறு, “முப்பத்தெட்டு, ஐயா” என்றான். “தம்பி, ஊழியத்தின்மேல் உள்ள ஆவலால் கணிதம் வேண்டாம் என்கிறாயா? அல்லது கணிதம் வரவில்லை என்பதால் ஊழியம் வேண்டும் என்கிறாயா? எனக்கு விடை சொல்ல வேண்டாம். ஒரு வாரம் ஜெபம் செய்து, உனக்கே விடை சொல்லிக்கொள்” என்று அனுப்பினேன். அடுத்த வாரம் வந்தான். “ஐயா, மாலையில் எனக்குக் கணிதம் சொல்லித் தருவீர்களா?” என்று மட்டும் கேட்டான். இன்று அவன் செவிப்புலன் குன்றிய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியன். அவன் செய்வது ஊழியமா, உத்தியோகமா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. பிரிக்க இயலாதபடி இரண்டும் ஒன்றாகிவிடுவதே குறிக்கோளுள்ள வாழ்வின் அடையாளம் என்பேன்.

நம் தமிழ் மண்ணில் பிறந்து, இளமையிலேயே நோக்கம் ஒன்றைப் பற்றிக்கொண்டு, இறுதிவரை அதனை விடாதிருந்த ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். அவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874ஆம் ஆண்டு அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், கிராமத்துக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து தாயின் கண்டிப்பில் வளர்ந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றார். ஆயினும் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். தேர்வில் தவறினால் வாழ்வே முடிந்தது என்று கருதும் இளைஞர் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1895ஆம் ஆண்டு கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் ஊழியராகச் சேர்ந்து, தென்னாட்டின் ஊர்தோறும் சென்று இளைஞரிடையே பணியாற்றினார்.

1902ஆம் ஆண்டு அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள், பிறர் உதவியை எதிர்பாராமல், தம் சொந்த முயற்சியால் பிற இடங்களுக்குத் தொண்டர்களை அனுப்பி வந்ததைக் கண்டார். அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. நெடுங்காலமாக மேனாட்டாரின் பொருளையும் உழைப்பையும் பெற்றுவந்த திருநெல்வேலித் திருச்சபை, பிறருக்குக் கொடுத்தது என்ன? பெற்றுக்கொண்டே இருப்பவன் எந்நாள் வளர்ந்தவன் ஆவான்? இக்கேள்வியின் விளைவாக 1903ஆம் ஆண்டு இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நம்மவரே தொண்டர், நம்மவரே பொருள் தருவோர், நம்மவரே நிர்வாகிகள் என்பதே அச்சங்கத்தின் அடிப்படை. அப்போது அசரியாவுக்கு வயது இருபத்தெட்டு. 1905ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தவர்களிலும் அவர் ஒருவர்.

பிறரை அனுப்பும் சங்கத்தை நிறுவியவர், தாம் மட்டும் வசதியாக வீட்டில் இருந்துவிடலாமா? இந்த வினா அவரை உறங்கவிடவில்லை போலும். 1909ஆம் ஆண்டு, நாடெங்கும் நற்பெயர் பெற்றுத் தந்த பதவியை விட்டு, ஐதராபாத் நிஜாமின் ஆட்சிப் பகுதியில், இன்றைய தெலுங்கானா மாநிலத்திலுள்ள தோர்ணக்கல் என்னும் ஊருக்குச் சென்றார். மொழி புதிது, உணவு புதிது, மக்களும் புதியவர்கள். முப்பத்தைந்து வயதை எட்டும் நிலையில் தெலுங்கு மொழியைக் கற்றார். சமுதாயம் ஒதுக்கி வைத்திருந்த மாலர், மாதிகர் முதலிய எளிய மக்களிடையே வாழ்ந்தார். மறு ஆண்டு எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் பேசுகையில், மேனாட்டார் செய்த தியாகங்களை நன்றியுடன் போற்றிவிட்டு, இந்தியருக்கு வேண்டுவது மேலிருந்து அருளப்படும் உதவி அன்று, சமமாக அமர்ந்து பழகும் நட்பு என்பதை அஞ்சாமல் எடுத்துரைத்தார். அடிமை நாட்டிலிருந்து சென்ற ஓர் இளைஞர், ஆளும் நாட்டாரின் அவையிலே இதைச் சொன்னார் என்பதை எண்ணிப் பாருங்கள். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

பதவியைக் காட்டிலும் நான் மதிப்பது அவருடைய திருமணத்தை. 1898ஆம் ஆண்டு, கல்லூரிக் கல்வி பயின்ற அன்பு மாரியம்மாள் என்னும் நங்கையை அவர் மணந்தார். வரதட்சணை வாங்காமல், ஆடம்பரம் இல்லாமல் நடந்த திருமணம் அது. இதை ஏன் குறிப்பிடுகிறேன் எனில், நம் நோக்கம் மெய்யானதா, வெறும் பேச்சா என்பதைக் காட்டும் உரைகல் மேடை அன்று; வீடு. கல்லூரி விழாவில் சமத்துவத்தைப் பற்றி முழங்கிய இளைஞன், தன் திருமணப் பேச்சு எழும்போது, “பெரியவர்கள் பார்த்துப் பேசிக்கொள்வார்கள்” என்று ஒதுங்கிக்கொண்டால், அவன் முழக்கத்தின் மதிப்பு என்ன? ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் திருச்சபையினரும் பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் சாதி பார்க்கின்றனர் என்பது நாம் மறைக்க முடியாத உண்மை. பெண்ணைப் பெற்ற தந்தை கடனாளியாகி நிற்க, நற்கருணை ஆராதனையோடு நடக்கும் திருமணத்தில் ஆண்டவர் எந்தப் பக்கத்தில் நிற்பார்? தூர தேசத்துக்குத் தொண்டு செய்யப் போகவேண்டும் என்று கனவு காணும் தம்பி, தங்கையரே! வரதட்சணை வாங்கமாட்டேன், சாதி பார்க்கமாட்டேன் என்னும் இரண்டு உறுதிகளை முதலில் செய்துகொள்ளுங்கள். அவற்றைக் காக்கத் துணிவில்லாதவர் வேறெந்தப் பெரிய நோக்கத்தையும் காக்க வல்லவர் அல்லர்.

“நாங்கள் அனைவரும் பேராயராகவோ, மருத்துவமனை நிறுவுவோராகவோ ஆக முடியுமா?” என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. அப்போஸ்தலருடைய நடபடிகளில் தொற்காள் என்னும் பெண்ணைப் பற்றிப் படிக்கிறோம். யோப்பா பட்டணத்தில் வாழ்ந்த அவள் பிரசங்கம் செய்ததாக ஒரு சொல்லும் இல்லை. விதவைகளுக்கு உடை தைத்துக் கொடுத்தாள், அவ்வளவே. அவள் இறந்தபோது அவ்விதவைகள் அவள் தைத்த ஆடைகளைக் காட்டிக் காட்டி அழுதனர். ஓர் ஊசியும் நூலும் ஒரு வாழ்க்கையின் நோக்கத்தைத் தாங்கி நிற்கப் போதுமானவையாயின. நம் குமரி மண்ணில், 1920களில், கிறிஸ்தவ வாலிபர் சங்கம் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்புப் பணியைத் தொடங்கி, ஏழைக் குடியானவர்களுக்குத் தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் கற்றுக்கொடுத்தது. மார்த்தாண்டம் தேன் இன்றும் பெயர் பெற்று விளங்குகிறது. தேனடையிலும் ஆண்டவருக்குத் தொண்டு செய்யலாம் என்பதை அப்பணியாளர்கள் காட்டினர்.

ஆகவே, எளிய பயிற்சிகள் மூன்றை இன்றே தொடங்குமாறு உங்களுக்குச் சொல்லுவேன். முதலாவது, காலத்துக்குக் கணக்கு வைத்தல். இரவு உறங்குமுன், இன்றைய பொழுதில் எவ்வளவு படிப்புக்கும், எவ்வளவு ஜெபத்துக்கும், எவ்வளவு கைபேசிக்கும் சென்றது என்று ஒரு சிறு ஏட்டில் எழுதுங்கள். எழுதத் தொடங்கினாலே பாதி வீண்செலவு குறையும். இரண்டாவது, கொடுத்துப் பழகுதல். நம் பாட்டிமார் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனியே எடுத்து வைத்தனர். செல்வம் வந்தபின் கொடுப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கைச்செலவுக்குக் கிடைக்கும் சிறு தொகையிலும் ஒரு பிடி பிறருக்கென்று ஒதுங்கட்டும். மூன்றாவது, ஒரு மனிதருக்காவது பயன்படுதல். பாடம் புரியாத வகுப்புத் தோழன், எழுத்தறியாத அண்டை வீட்டு அம்மை, விடுதியில் யாரும் பேச்சுக்கொடுக்காத மாணவன், இவர்களுள் ஒருவருக்கேனும் வாரத்தில் ஒரு மணி நேரம் உரியதாகட்டும். உங்களுக்குரிய பெருநோக்கம் இவ்வழியாகவே உங்களைத் தேடி வரும்.

இறுதியாக ஒன்று. நோக்கத்தோடு வாழ்பவர் யாவரும் அதன் நிறைவைக் கண்ணால் காண்பர் என்பதற்கு உறுதி இல்லை. பிரிந்து கிடந்த தென்னிந்தியத் திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்பதற்காக 1919ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் கூடியவர்களுள் அசரியா முதன்மையானவர். அன்று தொட்டு இருபத்தைந்து ஆண்டுகள் அதற்காக உழைத்தார். 1945ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அவர் மறைந்தார். தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் உருவானதோ 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள். அந்த நாளைக் காண அவர் இல்லை. ஆயினும் அவர் உழைப்பு அங்கே இருந்தது. பனைவிதையை ஊன்றுகிறவன் நுங்கு தின்பது ஐயமே. அதனால் அவன் ஊன்றாமல் இருப்பதில்லை. தான் ஏறிய பனைகள் பாட்டன் ஊன்றியவை என்பதை அவன் அறிவான்.

நமக்கும் யாரோ ஊன்றி வைத்தனர். நாம் படித்த பள்ளியும், நோயுற்றபோது படுத்த மருத்துவமனையும், வணங்கும் ஆலயமும் அவ்வாறு வந்தவையே. மாணவச் செல்வங்களே, சீட்டு வாங்கும் சாளரத்தண்டை இன்று நீங்கள் நிற்கிறீர்கள். முன்னால் நிற்பவரைப் பாராமல், உங்களை அனுப்பியவர் யார், உங்களுக்காகக் காத்திருப்பவர் யார் என்பவற்றை எண்ணி, ஊரின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் பயணம் இனிதாகுக.